மேலே வெட்டிய குளமும் கீழே வெட்டிய குளமும்

முப்பது வருஷம் பதுளையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றபோது, முதல் இரண்டு மூன்று மாதம் எனக்கு எதைக் கண்டாலும் எரிச்சலாக வந்தது. வீட்டில் சத்தமே இல்லை. மகன் வெளிநாட்டில். வீட்டுக்காரர் மரக்கறி லொறி ஓட்டியவர். அவரும் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலையில் பேப்பர், பிறகு தேத்தண்ணி, பிறகு பாத்திரம் கழுவுவது. கழுவும் இடத்துக்கு நேரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே நெஞ்சுயரத்துக்கு ஒரு மண் திட்டு. அதன் மேலே ஒரு தட்டு நிலம், புல் முளைத்துக் கிடக்கும்.

எங்கள் வீடு பசறை ரோட்டுக்கு மேலே ஒரு சரிவில் இருக்கிறது. இந்தப் பக்கம் யார் வீடு கட்டினாலும் முதலில் மலையை வெட்டித்தான் இடம் எடுக்க வேண்டும். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். வெட்டின இடத்தில் வீடு, பின்னால் திட்டு, திட்டுக்கு மேலே அந்தப் புல் தட்டு. வீட்டுக்கு முன்னால் பதினான்கு படி இறங்கினால் ஒரு கொய்யா மரமும் கொஞ்சம் மிளகாய்ச் செடியும்.

ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன்: "அந்த மேல் தட்டுல சின்னதா ஒரு குளம் இருந்தா, நின்ன எடத்துலயே பார்த்துக்கிட்டு இருக்கலாம்."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் அவர் பேப்பரை மடித்து வைத்தார். "மாசி கடைசியில வெட்டுவோம் டீச்சரு. அப்ப மண்ணு காய்ஞ்சிருக்கும்" என்றார். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இருபது வயது வரை தோட்டத்தில் கான் வெட்டியவர். மழைத் தண்ணீர் தேயிலை மண்ணை அள்ளிக்கொண்டு போகாமலிருக்க மலைச் சரிவில் வெட்டும் வாய்க்காலுக்கு அங்கே கான் என்று பெயர். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பதில் அவருக்கு இன்னும் ஆசை இருந்தது.

அந்த மாசியில்தான் என் நாத்தனாரும் எங்களோடு வந்து இருந்தாள். அவருடைய தங்கை. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள். சில வருஷங்களுக்கு முன்னால் அங்கே ஒரு மண்சரிவு வந்து பக்கத்து லயத்தின் வரிசை வீடுகள் எல்லாம் புதைந்துபோயின. அவள் இருந்த லயம் தப்பியது. அதற்குப் பிறகு கொஞ்சம் பலமாக மழை பெய்தாலே அங்கே இருக்கிறவர்களை வெளியேறச் சொல்வார்கள். மழை விட்டதும் திரும்பி வருவார்கள். அவளுடைய புருஷன் இறந்த பிறகு, மகளும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். தனியாக இப்படிப் போவதும் வருவதுமாக இருக்க வேண்டாம் என்று அண்ணன்காரர் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பையும் ஒரு சோத்துச் சட்டியும் கொண்டு வந்தாள். நான் பாத்திரம் கழுவும் குசினிக்குப் பக்கத்திலிருந்த பின் காம்பராவை ஒழித்துக் கொடுத்தோம். அதன் சுவருக்குப் பின்னால்தான் அந்தத் திட்டு.

அவள் அதிகம் பேசமாட்டாள். நாலரைக்கு எழுந்து வாசல் கூட்டுவாள். நான் எழும்பும்போது ரொட்டிக்கு மாவு பிசைந்திருக்கும். "நீ இங்க வேலைக்கா வந்திருக்க?" என்று கேட்டால், "சும்மா இருந்தா கை நோவுது அண்ணி" என்பாள்.

மாசி கடைசியில் வெட்டத் தொடங்கினோம். முள்முருங்கை மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்திருந்தன. நுவரெலியாவில் இதைத்தான் வசந்த காலம் என்று கொண்டாடுவார்கள். எங்கள் ஊரில் குயில் கத்தினால் புது வருஷம் கிட்ட வருகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அவர் மம்பட்டியால் வெட்டினார். நான் மாங்காய் வடிவத்தில் கயிறு போட்டுக் கொடுத்தேன். முழங்காலுக்கு மேல் ஆழம் வேண்டும், ஓரத்தில் செடி வைக்க ஒரு படி வேண்டும் என்று கொப்பியில் படம் வரைந்து வைத்திருந்தேன். இரண்டாம் நாள் ஒரு கல் வந்தது. அலவாங்கு போட்டு நெம்பியும் அசையவில்லை. "சரி, கிடக்கட்டும். தவளை குந்திக்கிட்டு இருக்கும்" என்று அதைச் சுற்றி வெட்டினார்.

நாத்தனார் கூடையில் மண் அள்ளினாள். அவர் மண்ணைத் திட்டின் ஓரத்திலேயே குவிக்கச் சொன்னார், பிறகு பாத்தி கட்டலாம் என்று. அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு கூடையையும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பதினான்கு படியும் இறங்கி கொய்யா மரத்தடியில் கொட்டினாள்.

"ஏன்மா இவ்வளவு தூரம்?" என்றார் அவர்.

"மேல பாரம் வேணாம் அண்ணே."

அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். நான் அதை அவளுடைய பிடிவாதம் என்று நினைத்தேன்.

அடியையும் பக்கங்களையும் தட்டி இறுக்கி, கம்பி வலை வைத்து, சீமெந்து பூசினோம். கையிலிருந்த சீமெந்துக்கு ஏற்ற மாதிரி மெல்லியதாகத்தான் பூச முடிந்தது. சீமெந்துக் காரம் போக மூன்று தடவை தண்ணீர் நிரப்பி இறைத்தோம். பங்குனி முதல் வாரம் முடியும்போது குளம் குளமாக ஆனது. என்னோடு படிப்பித்த ஒரு டீச்சர் அவருடைய வீட்டுத் தொட்டியிலிருந்து அல்லிக் கிழங்கு ஒன்றைச் சேற்றோடு பையில் கட்டிக் கொடுத்தார். டவுனில் மீன் விற்கும் கடையில் கப்பி மீன் வாங்கி, தண்ணீர் நிறைந்த பொலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுச் சின்னப் பிள்ளை ஒன்று இறங்கும் வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தது.

முதல் வாரத்திலேயே தும்பிகள் வந்துவிட்டன. தவளையும் வந்தது, கல்லில் குந்தாமல் அல்லி இலைக்குக் கீழேயே ஒளிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே வானத்தின் ஒரு துண்டு கிடப்பது போலக் குளம் தெரியும். கழுவி முடித்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் பின்னால் வந்து, "எப்படி டீச்சரு?" என்று கேட்பார். நூற்றுக்கு நூறு என்று சொல்ல வேண்டும் அவருக்கு. சொன்னேன்.

தண்ணீர் குறைந்தது. தினமும் காலையில் பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். வெயில் காலம்தானே என்று குழாயை விட்டு நிரப்புவேன். அது எனக்கு ஒரு வேலையாகவும் இருந்தது. மெதுவாக நிரப்பிக்கொண்டே மீனைப் பார்க்கலாம். நான் நிரப்பும்போதெல்லாம் நாத்தனார் பின் வாசல்படியில் நின்று பார்ப்பாள். கிட்ட வரமாட்டாள்.

ஒரு காலையில் எனக்கு முழங்கால் வலி. வழக்கத்தை விட முன்னதாக எழுந்துவிட்டேன். முன் அறைக்கு வந்தால், வாசற்கதவுக்குப் பக்கத்தில் பாய் விரித்து நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். செருப்பைத் தலைமாட்டிலும் ஒரு பையைப் பக்கத்திலும் வைத்திருந்தாள். அந்தப் பையில் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், இரண்டு சேலை எல்லாம் இருந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"ஏம்மா இங்க படுத்திருக்க?"

"உள்ள புழுக்கமா இருந்துச்சு அண்ணி."

பங்குனியில் பதுளையில் கொஞ்சம் வெக்கைதான். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் வைத்திருப்பதைப் பார்த்தேன். குருவிக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நல்ல பழக்கம் என்று மனதுக்குள் பாராட்டியும் கொண்டேன். அன்றைக்கு நான் குழாயை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் மேலே ஏறி வந்தாள். முதல் தடவையாகக் குளத்தின் ஓரத்தில் குந்தினாள்.

"அண்ணி, ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளேன்."

"இந்தத் தண்ணி எங்க போகுது?"

"வெயில்ல காயுதும்மா. வேற எங்க போகும்?"

அவள் பேசினைக் காட்டினாள். "நானும் மூனு நாளா இதுல தண்ணி வச்சுப் பார்க்கிறேன். இதுக்கும் அதே வெயில்தான். ஒரு நாளைக்கு இது நகக்கண்ணு அளவுதான் குறையுது. அது ரெண்டு விரலு குறையுது."

பேசினின் உட்பக்கத்தில் கரித்துண்டால் கோடுகள் போட்டிருந்தாள். குளத்தின் ஓரத்திலும் ஒரு குச்சியை நட்டு அதே மாதிரிக் கோடு. நான் முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவள். அப்படி ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழாயைக் கையில் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் காலில் ஓடியது.

"மண்ணுக்குள்ளதான் எறங்குது அண்ணி" என்றாள். பிறகு குளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்க லயத்துக்குப் பின்னால திடீர்னு ஊத்து ஒன்னு வந்துச்சு. மழை பேஞ்சு ஓஞ்ச நேரம். கண்ணாடி மாதிரி தண்ணி. பக்கத்து லயத்துல என் சேக்காளி ஒருத்தி இருந்தா. மலையில அவ ஒரு நிரை, பக்கத்து நிரை நான், அப்படியே பதினேழு வருசமா கொழுந்தெடுத்தோம். நாங்க ரெண்டு பேருந்தான் மூங்கிலப் பொளந்து அந்தத் தண்ணிய வாசலுக்குக் கொண்டு வந்தோம். இனி கொழாயடியில வரிசையில நிக்கத் தேவையில்லன்னு அவ்வளவு சந்தோசம். துணியெல்லாம் தொவைச்சோம். ரெண்டு நாள் போனதும் தண்ணி தேத்தண்ணி கலருல வந்துச்சு. மேல மாடு கீடு மிதிச்சிருக்கும்னு பேசிக்கிட்டோம்."

"அது மலை சரியப் போற அறிகுறின்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"யாரு சொல்லுவா? அடுத்த நாள் காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குக் கெளம்பினேன். அவளக் கூப்பிட்டேன். மேலுக்கு முடியல, நான் இன்னைக்கு வரல, நீயே சொல்லிருன்னா. பெரட்டுக் களத்துல பேரு குடுத்துக்கிட்டு நிக்கிறப்பதான் சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் மேல பார்த்தோம், இடின்னு நெனச்சு."

குழாயை மூடிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கவில்லை, காலை நீட்டித்தான் உட்கார முடிந்தது.

பிறகு அவள் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய்ப் பின் காம்பராவில் கட்டிலை இழுத்தாள். சுவரின் கீழ்ப் பக்கத்தில், ஒரு முழம் அகலத்துக்கு, ஈரம். மழை இல்லாத பங்குனியில். நான் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கீழே தரையில் ஒரு துணி மடித்து வைத்திருந்தாள். தினமும் துடைத்துவிட்டுத்தான் வாசல் கூட்டப் போயிருக்கிறாள்.

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"ஆசையா வெட்டுனீங்க. அண்ணனும் எவ்வளவு பாடுபட்டுச்சு. நான் வந்து ரெண்டு மாசங்கூட ஆகல. வந்த எடத்துல எப்படி அண்ணி சொல்றது?"

அந்த வார்த்தையில்தான் எனக்கு அழுகை வந்தது. இது உன் அண்ணன் வீடு, நீ வந்தவள் இல்லை என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் சொல்கிறவர்களுக்கு லேசான வார்த்தைகள். பயந்துகொண்டு ஒருத்தி பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வாசலில் படுத்த வீட்டில், நான் ஜன்னலில் நின்று தும்பி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை அவளிடம் சொன்னேன். "உங்களுக்குத் தெரியாதுல்ல" என்று என்னைத் தேற்றினாள்.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மண்சரிவு நடந்த அன்றைக்கு லொறியைப் பாதியில் நிறுத்திவிட்டு மம்பட்டியோடு கொஸ்லந்தைப் பக்கம் போனவர் அவர். இரண்டு நாள் கழித்து வந்தார். என்ன பார்த்தார் என்று இன்று வரை என்னிடம் சொன்னதில்லை. சாயங்காலம் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னேன். பேசின், குச்சி, ஈரச் சுவர், எல்லாம். அவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தார். திரும்பி வந்து மீதித் தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையை வைத்தார்.

"கான் வெட்டுனவன் நான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

"எனக்காகத்தானே வெட்டுனீங்க."

"மண்ணுக்கு அது தெரியுமா டீச்சரு?"

மறுநாள் காலையிலேயே குழாயைப் போட்டுத் தண்ணீரை வீட்டைச் சுற்றி ரோட்டுக் கானுக்கு இறக்கினார். மீனையும் அல்லியையும் குளிக்கிற பெரிய பேசினுக்கு மாற்றினோம். அலவாங்கால் சீமெந்தை உடைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்தாறு இடத்தில் மயிர் அளவு வெடிப்பு. உடைத்தார், மண் போட்டார், மிதித்தார். கொய்யா மரத்தடியில் கொட்டிய மண்ணைத் திரும்பவும் கூடை கூடையாக மேலே சுமந்தோம். இந்தத் தடவை நாத்தனாரும் அவரும் மாறி மாறி. திட்டின் விளிம்பு நெடுக வெட்டிவேர் நட்டோம். வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். திட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கானும் வெட்டினார், மழைத் தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் விலகிப் போக. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் கேட்காமலே கூடை கை மாறியது.

எனக்குக் குளம் வேண்டாம் என்றுதான் இருந்தது. மீனையும் அல்லியையும் கிழங்கு தந்த டீச்சரிடம் கொடுத்துவிடலாம் என்றேன்.

"ஏன் குடுக்கணும்?" என்றாள் நாத்தனார். "கீழ வெட்டலாமே. வீட்டுக்குக் கீழ."

கொய்யா மரத்துக்குப் பக்கத்து இடத்தை அவளே காட்டினாள். அங்கே நிலம் கிட்டத்தட்ட சமம். நிரம்பி வழிந்தாலும் நேரே ரோட்டுக் கானுக்குப் போகும். நான் வரைந்த மாங்காய் வடிவம் எல்லாம் இல்லை, வட்டம்தான், சின்னது. அடியில் பழைய சாக்குகளை விரித்து, அதன் மேல் கட்டியான கறுப்புப் பொலித்தீனை இரண்டு மடிப்பாகப் போட்டு, விளிம்பில் கல் அடுக்கினோம். வழிவதற்கு ஒரு குழாயும் வைத்தோம். சித்திரை வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் தண்ணீர் நிரப்பினோம். பக்கத்தில் பேசினையும் கரிக்கோட்டையும் வைத்தோம். இந்தத் தடவை நானே கோடு போட்டேன். ஒரு கிழமை பார்த்தோம். இரண்டும் ஒன்று போலக் குறைந்தது.

வருஷம் பிறந்து பத்து நாள் போல மத்தியான மழை தொடங்கியது. இங்கே சித்திரை மழை அப்படித்தான்; இரண்டு மணிக்கு நமுனுகுல மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும், மூன்று மணிக்கு இடியும் மழையும். முதல் மழைக்கு நானும் அவரும் முன் வாசலில் நின்று குளம் நிரம்புவதைப் பார்த்தோம். நாத்தனார் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் அவரும் போனார். திட்டின் அடியில் தண்ணீர் வருகிறதா, வந்தால் எந்த நிறத்தில் வருகிறது என்று இரண்டு பேரும் நனைந்துகொண்டே பார்த்திருக்கிறார்கள். புதுக் கானில் மட்டும் ஓடியது. அதன் பிறகு ஒவ்வொரு பெரிய மழைக்கும் யாராவது ஒருவர் போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இப்போது நானும் போகிறேன்.

வைகாசியில் ஒரு சுகாதாரப் பரிசோதகர் டெங்கு நுளம்பு தேடிக்கொண்டு வந்தார். இளம் ஆள். குளத்தைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. நாத்தனார்தான் அவரிடம் சிங்களத்தில் பேசினாள். கப்பி மீன் நுளம்புக் குஞ்சை ஒன்று விடாமல் தின்னும் என்றாள். அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார், கரண்டியால் தண்ணீர் அள்ளிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. போகும்போது, வீட்டுத் தொட்டியில் விட நாலு கப்பி கிடைக்குமா என்று கேட்டார். ஜாம் போத்தலில் போட்டுக் கொடுத்தாள்.

பின் காம்பரா காய இரண்டு மாதம் ஆனது. சுண்ணாம்பு அடித்தோம். ஆனாலும் நாத்தனார் அங்கே திரும்பிப் போகவில்லை. முன் அறையில் அலுமாரியைத் திருப்பி வைத்து அவளுக்கு ஒரு பக்கத்தை மறைத்துக் கொடுத்தோம். பையும் செருப்பும் மழை நாளில் இப்போதும் தலைமாட்டுக்கு வரும். அதை நாங்கள் கவனிக்காத மாதிரி இருப்பதில்லை. "இன்னைக்கு மழை வரும்போல இருக்கு, என் பையையும் எடுத்து வைக்கட்டா?" என்று நான் கேட்பேன். கேலியாகக் கேட்பதில்லை. எனக்கும் ஒரு பை இருக்கிறது.

குளத்தைப் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். பதினான்கு படி இறங்க வேண்டும், திரும்பி ஏற வேண்டும். ஒரு கொக்கு வந்து பாதி மீனைத் தின்றுவிட்டது, வலை கட்டினோம். கொய்யா இலை விழுந்து அழுகித் தண்ணீர் நாறியது. அரிதட்டால் இலை வாருவது நாத்தனாரின் காலை வேலை. அல்லி முதல் வருஷம் பூக்கவே இல்லை. டீச்சரிடம் கேட்டால், வெயில் போதாது என்றார். வீட்டுக்காரர் கொய்யாவில் ஒரு கிளையை வெட்டினார்.

போன பங்குனியில் குளத்தைச் சுத்தம் செய்தோம். தண்ணீரைப் பாதிக்கு மேல் இறைத்துவிட்டு, நாத்தனார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். நான் கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் அரிதட்டில் பிடித்துத் தரும் மீனைப் பேசினில் விட்டேன். அடிச் சேற்றை மிளகாய்ச் செடிக்கு வைத்தோம். ஒரு மீன் மட்டும் பிடிபடாமல் அவள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

"என் சேக்காளியும் இப்படித்தான்" என்றாள் திடீரென்று. "கங்காணி தேடினா தேயிலைக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு ஓடுவா. ஒரு நாள் அப்படியே ஓடி, நேரா தொரை முன்னாலயே போய் எந்திரிச்சு நின்னா. தொரை பயந்து தொப்பியக் கீழ போட்டுட்டாரு."

"பெறகு?"

"இவ தொப்பிய எடுத்துக் குடுத்துட்டு, உங்களக் காணோமேன்னுதான் தேடிக்கிட்டு வந்தேன் தொரைன்னு சொன்னாளாம்."

அவள் சேற்றுக்குள் நின்றபடி சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமானது. கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் சேறு. மேலே படியில் நின்று அவர் என்னவென்று கேட்டார். "ஒன்னுமில்ல அண்ணே, மீன் பிடிக்கிறோம்" என்றாள்.

அந்த ஒரு மீனைக் கடைசி வரை பிடிக்க முடியவில்லை. அடியில் மிச்சமிருந்த தண்ணீரோடு அதை அங்கேயே விட்டுவிட்டு, புதுத் தண்ணீருக்குக் குழாயைத் திறந்தோம்.